திருகோணமலை வீதிகளில் மின்சாரக் காரும் சாரதி உதவித் தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சற்று நேரத்தில் வீடுகள் குறைந்து வயலோ, காடோ, உவர்நிலமோ தொடங்கிவிடுகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு இந்த வீதிகளில் மின்சாரக் கார்களை அதிகமாகக் காண்கிறோம். தானாகப் பிரேக் பிடிப்பது, முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புவது போன்ற வசதிகள் அவற்றில் பலவற்றில் இருக்கின்றன. இவற்றை எங்கே நம்பலாம், எங்கே அணைத்து வைக்க வேண்டும் என்று நண்பர்களும் உறவினர்களும் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இந்த வசதிகள் இருந்தால் கார் தானாக ஓடும் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. வாகனப் பொறியியலாளர்கள் தானியக்கத்தைப் பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் இங்கே வாங்கும் கார்களில் இருப்பது அதிகபட்சம் இரண்டாம் நிலை. அந்த நிலையில் கார் ஒரே நேரத்தில் வேகத்தையும் திசையையும் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் வீதியைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் சாரதியுடையது. கார் தவறவிட்டதைச் சாரதி அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டும்.

இந்த நிபந்தனை மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த விபத்து சாட்சி. தன்னியக்க உதவியில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்லா கார் ஒன்று, வீதியைக் குறுக்கே கடந்த நீண்ட லொறியின் அடியில் புகுந்தது. காரின் சாரதி உயிரிழந்தார். குறுக்கே வரும் வாகனங்களைக் கையாள அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை என்பதும், சாரதி அதை அளவுக்கு மீறி நம்பியிருந்தார் என்பதும் விசாரணையில் தெரியவந்தன. நம் ஊரில் ஒழுங்கையிலிருந்து பெட்டியோடு திடீரென வீதிக்கு ஏறும் உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எவற்றைப் போட்டு வைக்க வேண்டும், எவற்றை அணைக்க வேண்டும்?

எச்சரிப்பவற்றையும் அவசரத்தில் பிரேக் பிடிப்பவற்றையும் எப்போதும் போட்டு வையுங்கள். தானியங்கி அவசரப் பிரேக், பக்கவாட்டு மறைவிட எச்சரிக்கை, பின்னோக்கி எடுக்கும்போது குறுக்கே வருபவரைக் காட்டும் எச்சரிக்கை ஆகியவை நீங்கள் கவனிக்கத் தவறும் நொடிக்காக இருப்பவை. எப்போதாவது தேவையில்லாமல் சத்தமிடுகிறது என்பதற்காக இவற்றை நிரந்தரமாக அணைத்து வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பும் தடம் காக்கும் உதவியை, ஹபரணை வீதியின் நேரான பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் அணைத்து வைப்பதே நல்லது. இடைவெளி பார்த்து ஓடும் குரூஸ் கண்ட்ரோல் பகலில், வாகனங்கள் குறைந்த நீண்ட வீதியில் காலுக்கு ஓய்வு தரும். ஊர்களுக்குள்ளும் இரவிலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை போகும் வீதியில் தடம் காக்கும் உதவி சரியாக வேலை செய்யுமா?

விட்டுவிட்டுத்தான் செய்யும். கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் கமரா வெள்ளைக் கோட்டைத் தேடுகிறது. கோடு தேய்ந்த இடத்தில் சில கார்கள் தார் முடியும் ஓரத்தையே கோடாக எடுத்துக்கொள்ளும். கடற்காற்று மணலை வீதியில் ஏற்றிவிட்டால் அந்த ஓரமும் மறைந்துபோகும். அப்போது கார் உதவியை விடுவது ஒரு சிறு அடையாளம் நிறம் மாறுவதால் மட்டுமே தெரியும். பல கார்களில் சத்தம் கூட வராது. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்குத் தெரியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வீதியோரம் சைக்கிளில் போகும் முதியவருக்கு இடம் விட்டு வலப்பக்கம் விலகுகிறீர்கள். சிக்னல் போடாமல் விலகினால், நீங்கள் தடம் தவறுவதாக நினைத்துக் கார் உங்களை மீண்டும் இடப்பக்கம், அவரை நோக்கியே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலின் பலம் குறைவு, கையால் எளிதில் மீறலாம். ஆனால் எதிர்பாராத நேரத்தில் வந்தால் கை தடுமாறும். சிக்னல் போட்டு விலகினால் பெரும்பாலான கார்கள் தடுப்பதில்லை.

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வீதியில் நெல் காயப்போட்டிருந்தால் கார் அதைக் கண்டுகொள்ளுமா?

பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இந்த மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது, எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் கிடைக்காது. பெரும்போக அறுவடை முடிந்த மாதங்களில் வீதியின் பாதியில் படங்கு விரித்து, அல்லது தாரிலேயே நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கற்களையும் கிளைகளையும் வரிசையாக வைத்திருப்பார்கள். நெல் விரல் உயரம்தான் இருக்கும். அலைகளை அனுப்பி முன்னால் இருப்பதை உணரும் காரின் ரேடாருக்கு அது வெறும் தரை. கமராவுக்கோ மஞ்சள் பரப்பின் ஓரம் ஒரு புதிய கோடு போலத் தெரியலாம். ஓரத்தில் வைத்த கல்லும் பொருட்படுத்த முடியாத அளவு சிறியது. மின்சாரக் காரின் பற்றரி தரைக்கு அருகில், வண்டியின் வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் ஏறினால் அடிபடப்போவது காரின் மிக விலையுயர்ந்த உறுப்பு.

மேலும், நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு ஒருவர் வீதிக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருப்பார். உங்கள் காரின் சத்தம் அவருக்குக் கேட்காது. மெதுவாகப் போகும்போது மின்சாரக் கார்கள் எழுப்பும் செயற்கை ஒலி, மணிக்கு 20 அல்லது 30 கிலோமீற்றருக்கு மேல் நின்றுவிடும். அதற்கு மேல் டயரின் சத்தம் மட்டுமே. காற்று எதிர்த்திசையில் அடித்தால் அதுவும் இல்லை. ஆகவே நெல் கண்ணில் பட்டவுடன் எல்லா உதவியையும் விட்டுவிட்டு, வேகத்தை முப்பதுக்குக் குறைத்து, தூரத்திலேயே ஒருமுறை மெல்ல ஹோர்ன் அடியுங்கள். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஏறாமல் போவது நம் கடமை.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நின்றால் கார் தானாக நிற்குமா?

நிற்கும் என்று நினைத்து ஓட்டவே கூடாது. தானியங்கிப் பிரேக் எதைப் பார்த்துப் பழகியதோ அதற்குத்தான் நிற்கும். ஐரோப்பாவில் புதிய கார்களை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு கார், பாதசாரி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் வடிவங்களை வைத்தே இந்தப் பிரேக்கைச் சோதிக்கிறது. விலங்குகளைக் கண்டறிய முயன்ற நிறுவனங்களும் உண்டு. வொல்வோ நிறுவனம் மான் போன்ற பெரிய விலங்குகளுக்காக ஓர் அமைப்பை உருவாக்கியது. அவுஸ்திரேலியாவில் துள்ளிப் பாயும் கங்காருவை அந்த அமைப்பால் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பது 2017இல் செய்தியானது. துள்ளும்போது கங்காரு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்குக் குழம்பியது. ஒரு நாட்டு விலங்கைப் படித்த கார் இன்னொரு நாட்டு விலங்கிடம் திணறுகிறது. காட்டு யானைக்காகப் பழக்கப்பட்டது என்று எழுத்தில் உறுதி தரும் கார் உங்களிடம் இல்லாதவரை, அது யானையைக் காணாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் நிலைமை இன்னும் கடினம். யானையின் தோல் கருமை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. தாழ்ந்த விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவது நான்கு கால்கள், அவை மரத்தடிகள் போலவே இருக்கும். உடல் வெளிச்சத்துக்கு மேலே இருளில் இருக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 70 கிலோமீற்றரில் கார் ஒரு நொடிக்கு 19 மீற்றருக்கும் மேல் போகிறது. கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, அதாவது 29 மீற்றர். உலர்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 27 மீற்றர். மொத்தம் 56 மீற்றர். தாழ்ந்த விளக்கில் தெளிவாகத் தெரிவதும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். எண்பது தொண்ணூறில் போனால், தெரியும்போதே மோதல் உறுதியாகிவிடுகிறது. ஐம்பதில் போனால் 35 மீற்றரில் நிற்கலாம். நகருக்கு வெளியே கார்களுக்கு 70 வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் இருட்டிய பிறகு அக்போபுரவைத் தாண்டினால் ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. முடிந்தால் அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே கடக்கும்படி புறப்படுங்கள்.

இதிலே கவலை தரும் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் கோடுகள் தெளிவாக, தார் சீராக, வளைவு குறைவாக இருப்பது இந்த வீதிதான். தடம் காக்கும் உதவியும் குரூஸ் கண்ட்ரோலும் மிகச் சிறப்பாக வேலை செய்வது இங்கேதான். அதனாலேயே சாரதியின் கண் அயர்வதும் இங்கேதான். யானை கடப்பதும் இங்கேதான். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. தண்டவாளத்தில் ஓடும் ரயிலால் விலக முடியாது, நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. கார் ஓட்டும் நமக்கு இரண்டும் முடியும்.

யானையைக் கண்டுவிட்டேன். இப்போது காரில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் குரூஸ் கண்ட்ரோலை ரத்துச் செய்யுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நின்று கிளம்பும் வகைக் குரூஸ் கண்ட்ரோலில், முன்னால் நின்ற வான் யானையைக் கடந்து போனவுடன் உங்கள் காரும் பின்தொடர முயலும். எவ்வளவு தூரத்தில் கண்டீர்களோ அங்கேயே நில்லுங்கள். விளக்கைத் தாழ்த்துங்கள், ஹோர்ன் வேண்டாம், இறங்க வேண்டாம், படம் எடுக்க முன்னே நகர வேண்டாம். சத்தமின்றி அருகே வந்துவிட்ட பொருள் எந்த விலங்கையும் திடுக்கிட வைக்கும், மின்சாரக் கார் அப்படிப்பட்ட பொருள். பின்னோக்கி எடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பஸ் வந்து ஒட்டி நின்றால் நான்கு விளக்குகளையும் ஒளிரவிட்டு எச்சரியுங்கள். வாழைப்பழம், கரும்பு எதுவும் வீசாதீர்கள். இன்று நீங்கள் கொடுத்ததற்காக நாளை அது வேறொருவரின் வாகனத்தை மறிக்கும்.

வீதியில் படுத்திருக்கும் மாடுகளை ரேடார் பிடிக்குமா?

இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் மாடு அசையாது. அசையாத பொருள்களை, வேகம் கூடிய நேரத்தில், பல ரேடார் அமைப்புகள் வேண்டுமென்றே கணக்கிலெடுப்பதில்லை. அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு மதகுக்கும் பெயர்ப்பலகைக்கும் கார் பிரேக் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதைவிட ஆபத்தானது, முன்னால் போகும் வாகனம் திடீரென விலகுவது. கிண்ணியாவிலிருந்து மூதூர் நோக்கி ஒரு லொறியின் பின்னால் குரூஸ் கண்ட்ரோலில் போகிறீர்கள் என்று வையுங்கள். லொறிச் சாரதி மாட்டைக் கண்டு வலப்பக்கம் ஒடிக்கிறார். உங்கள் காருக்குத் தெரிவது முன்னால் இருந்த தடை நீங்கிவிட்டது என்பது மட்டுமே. குறித்து வைத்த வேகத்தை அடைய அது வேகத்தைக் கூட்டத் தொடங்குகிறது. மாடு அந்த இடத்தில்தான் படுத்திருக்கிறது. முன் வாகனம் விலகினால் கால் உடனே பிரேக்கின் மேல் வர வேண்டும், காரணம் தெரிந்த பிறகு அல்ல. இடைவெளியை எப்போதும் கார் அனுமதிக்கும் மிக நீண்ட அளவில் வையுங்கள். அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிள்கள் நுழையத்தான் செய்யும், நுழையட்டும்.

எதிரே பஸ் முந்திக்கொண்டு நம் பக்கத்தில் வந்தால்?

காரிடம் இதற்கு விடை இல்லை. நீங்கள் எழுபது, பஸ் எழுபது என்றால் இருவரும் மணிக்கு 140 கிலோமீற்றரில் நெருங்குகிறீர்கள். இடப்பக்க மண் ஓரத்துக்கு இறங்குங்கள். தடம் காக்கும் உதவி ஸ்டியரிங்கை மீண்டும் வீதிப் பக்கம் இழுத்தாலும் பொருட்படுத்த வேண்டாம்.

கமராவையும் ரேடாரையும் இங்கே எப்படிப் பராமரிப்பது?

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் காலையில் முன் கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். அது உப்பு. வெயில் எதிரே அடிக்கும்போது அந்த உப்புப் படலம் கமராவின் பார்வையை வெளுக்கச் செய்யும். துணியும் நல்ல தண்ணீரும் போதும். மாரிகாலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது கமரா செயல்படவில்லை என்ற அறிவிப்பு வந்தால் அது பழுதல்ல. நமக்கே வீதி தெரியாத மழையில் அதற்கும் தெரிவதில்லை.

புதிய வாகனத்துக்குப் பூசை செய்யும்போது ஒரு சிறு கவனம் தேவை. பல கார்களில் ரேடார் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ, அதற்குக் கீழேயுள்ள கறுப்புத் தகட்டிலோ இருக்கிறது. நாம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பதும் மாலை போடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். பூசை முடிந்ததும் மாலையைக் கழற்றி, சின்னத்தில் காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள். அல்லது பொட்டை முன் மூடியின் மேல் வைக்கும்படி ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அவர் மறுக்க மாட்டார். உட்கண்ணாடியில் தொங்கும் மணிமாலையும் சிலுவையும் கமராவுக்குக் குறுக்கே ஆடுகின்றனவா என்று பாருங்கள். முன்னால் இரும்புத் தடுப்புப் பொருத்தினால் ரேடாரின் பார்வை கெடும். முன் கண்ணாடி உடைந்து மாற்றினால், கமராவின் கோணத்தை மீண்டும் சரிசெய்யாமல் காரை எடுக்காதீர்கள்.

இந்த வசதிகள் பற்றரியைத் தின்றுவிடாதா?

கவலை வேண்டாம். கமரா, ரேடார், கணினி எல்லாம் சேர்ந்து 100 வாற் எடுத்தாலும், ஒன்றரை மணி நேரத்தில் 0.15 கிலோவாற் மணி. அது ஒரு கிலோமீற்றர் ஓட்டத்துக்குரிய மின்சாரம்.

பற்றரியைத் தின்பது வேகமும் காற்றும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையிலிருந்து ஹபரணை நோக்கிப் போவது எதிர்க்காற்றில் போவது. மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும் காரின் முன்னால் 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று இருந்தால், காற்றின் தடை ஏறத்தாழ 65 சதவீதம் கூடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று உதவும். போகும்போது கார் காட்டும் மீதித் தூரத்தை மட்டும் நம்பி ஹபரணைக்குச் சரியாக அளந்து மின்னேற்றிக்கொண்டு போகாதீர்கள். சுமார் 85 கிலோமீற்றர்தானே என்று தோன்றும், காட்டுக்குள் இருட்டில் நிற்க நேர்ந்தால் அந்தத் தூரம் வேறு. குரூஸ் கண்ட்ரோலில் வேகத்தை 60 என்று வைத்துப் போவதே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எளிய வழி.

ஸ்டியரிங்கில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டினால் கை வைக்காமல் ஓட்டலாம் என்கிறார்களே?

கை இருக்கிறதா என்று கார் கேட்பது நீங்கள் விழித்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்வதற்காக. அந்தக் கேள்விக்குப் பொய்ப்பதில் சொல்லும் கருவியை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கொழும்பிலிருந்து இரவிரவாக ஓட்டி வரும் ஒருவர் தம்புள்ளை தாண்டியதும் கண் சொருகுகிறார் என்றால், அவருக்குத் தேவை தேநீரும் உறக்கமும். தம்புள்ளையிலோ ஹபரணையிலோ நிறுத்தித் தூங்குங்கள். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விபத்து நடந்தால் கார்தான் ஓட்டியது என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்திருப்பவரே சாரதி. பொலிஸாரும் காப்புறுதியும் கேட்பது உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைத்தான்.

யப்பானிலிருந்து வந்த பழைய கார். அறிவிப்பெல்லாம் யப்பானிய மொழியில். என்ன செய்வது?

கைபேசியின் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு அறிவிப்பையும் ஒருமுறை வாசித்து, தமிழில் எழுதிக் காரிலேயே வையுங்கள். குறிப்பாக உதவி நின்றுவிட்டது, பிரேக்கை மிதி, கமரா மறைந்துள்ளது என்ற மூன்றையும் பார்த்தவுடன் அடையாளம் காணத் தெரிய வேண்டும். வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை ஓட்டினால் அவருக்கும் காட்டிக்கொடுங்கள். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போகும் மகனுக்கு அந்தச் சிவப்பு எழுத்தின் பொருள் தெரியாமல் இருப்பது ஆபத்து.

காட்டுப் பகுதியில் கார் நின்றுவிட்டால்?

முதலில் 12 வோல்ட் சிறு பற்றரியைச் சந்தேகியுங்கள். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சிறியது செத்துவிட்டால் கார் உயிர்பெறாது. பல கார்களில் மற்றொரு வாகனத்திலிருந்து கம்பி கொடுத்து அதை எழுப்பலாம். கையேட்டில் வழி இருக்கும், புறப்படும் முன்பே வாசித்துவிடுங்கள், ஏனெனில் காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. வரைபடத்தையும் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள்.

அது இல்லையென்றால் காரை முடிந்தவரை ஓரத்துக்குத் தள்ளி, நான்கு விளக்குகளையும் ஒளிரவிட்டு, இரவானால் உள்ளேயே இருங்கள். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. உதவிக்கு வரும் உழவு இயந்திரக்காரர் கயிறு கட்டி இழுக்கிறேன் என்பார், நல்ல மனதோடுதான் சொல்வார். ஓரத்துக்கு எடுக்கும் சில மீற்றருக்கு மேல் சம்மதிக்காதீர்கள். மோட்டார் பூட்டிய சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும், உள்ளே கருகிப்போக வாய்ப்புண்டு. நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் மேலே ஏற்றிச் செல்லும் லொறியையே வரவழையுங்கள். கந்தளாயிலோ ஹபரணையிலோ அப்படிப்பட்ட லொறி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணை இன்றே விசாரித்துக் குறித்து வையுங்கள்.